கடல் சட்டம் எழுதும் மேசையில் கப்பல் முதலாளிகள் இருக்கிறார்கள், சேலத்துச் சரக்குக்காரர் எங்கே?

லீபஜார்_ஸ்டார்ச்:

மரவள்ளி ஸ்டார்ச் ஏற்றுமதி செய்கிறேன். பெரிய அளவில் இல்லை, தூத்துக்குடி வழியாக அவ்வப்போது சில கன்டெய்னர்கள். கப்பலில் சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டர் இந்த முறை அனுப்பிய பில்லில் ஃப்ரெய்ட், அதாவது கப்பல் வாடகை, ஒரே வரியில் முடிகிறது. அதற்குக் கீழே எரிபொருள் கட்டணம், நெரிசல் கட்டணம், போர் அபாயக் கட்டணம், ஐரோப்பியக் கார்பன் கட்டணம், டெர்மினல் கட்டணம் என்று ஏழெட்டு வரிகள். “இதையெல்லாம் யாருங்க முடிவு பண்றது?” என்று கேட்டேன். “கப்பல் லைன்ல போடறாங்க சார், லண்டன்ல ரூல் மாறிடுச்சு” என்றார்.

சரி, லண்டனில் யார் மாற்றுகிறார்கள் என்று தேடினால் எங்கே பார்த்தாலும் கப்பல் முதலாளிகள் சங்கம்தான். சட்ட வரைவா, அதில் அவர்கள் கருத்து. வரியா, அதில் அவர்கள் மனு. நம் ஊரில் ஸ்டார்ச், ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-லிருந்து இருக்கிறது. ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. ஆனால் கப்பல் கட்டணம் பற்றிப் பேச நமக்கு யார் இருக்கிறார்கள்? இந்தச் சங்கங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

ஐந்துரோடு_அரட்டை:

இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? காசு இருக்கிறவன் சங்கம் வைக்கிறான், சங்கம் வைத்தவன் சட்டம் எழுதுகிறான். எல்லாம் கார்ட்டெல், கூடிப் பேசி விலை வைக்கிற கும்பல். இழையைப் பூட்டிவிடலாம்.

எஞ்சின்ரூம்_ஓய்வு:

பூட்ட வேண்டாம், அரட்டை. நான் டேங்கரிலும் பல்க் கப்பலிலும் வேலை பார்த்து, சீஃப் எஞ்சினியராக ஓய்வு பெற்று, இப்போது சூரமங்கலத்தில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் யார் யார் என்று பிரித்துக்கொள்வோம். லண்டன் என்று ஃபார்வர்டர் சொன்னது ஐ.எம்.ஓ., அதாவது ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு. 1948-ல் ஒப்பந்தம் போட்டார்கள், அது அமலுக்கு வர 1958 ஆகிவிட்டது. இன்று 176 உறுப்பு நாடுகள். ஓட்டு நாடுகளுக்கு மட்டும்தான். முதலாளிகள் பக்கம் பெரியது ஐ.சி.எஸ். எனப்படும் இன்டர்நேஷனல் சேம்பர் ஆஃப் ஷிப்பிங், 1921-ல் தொடங்கியது. இது பல நாட்டுக் கப்பல் முதலாளிகள் சங்கங்களின் சங்கம். உலக வணிகக் கப்பல்களில் 80 சதவீதத்துக்கு மேல் தங்கள் உறுப்பினர்களுடையது என்கிறார்கள். 1961 முதல் ஐ.எம்.ஓ.வில் இவர்களுக்கு ஆலோசனை அந்தஸ்து உண்டு. அதைவிடப் பழையது பிம்கோ. 1905-ல் கோபன்ஹேகனில் ஆரம்பித்தது, கப்பல் வாடகை ஒப்பந்தப் படிவங்கள் பெரும்பாலும் இவர்கள் போட்டவை. டேங்கர்காரர்களுக்கு இன்டர்டேங்கோ, உலர் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கு இன்டர்கார்கோ, கன்டெய்னர் லைன்களுக்கு வேர்ல்ட் ஷிப்பிங் கவுன்சில். இந்தியாவில் மும்பையில் இன்சா, அதாவது இந்திய தேசியக் கப்பல் உரிமையாளர்கள் சங்கம்.

ஆலோசனை அந்தஸ்து என்றால் ஓட்டு கிடையாது. கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம், அறிக்கை தாக்கல் செய்யலாம், அவ்வளவுதான். கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். ஆனால் கப்பல் நிலையாக நிற்க ஏற்றும் பலாஸ்ட் தண்ணீரை எப்படிச் சுத்திகரிப்பது, எண்ணெய் வடிகட்டி எத்தனை அளவுக்கு வேலை செய்ய வேண்டும் என்றெல்லாம் விதி எழுத வேண்டியிருக்கிறது. ஒரு சிறிய நாட்டின் தூதரக அதிகாரிக்கு அதில் என்ன தெரியும்? சங்கத்து ஆள் வரைவோடு வந்து நிற்கிறார். அப்புறம் விவாதம் முழுவதும் அந்த வரைவில் எந்த வரியை மாற்றுவது என்பதாகவே ஆகிவிடும். வேறு வரைவு மேசையில் இருக்காது. ஓட்டு இல்லாமலே இவர்களுக்குச் செல்வாக்கு வருவது இந்த வழியில்தான்.

இன்னொன்று. ஐ.எம்.ஓ.வுக்கு ஒவ்வொரு நாடும் கட்டும் சந்தா பெரும்பாலும் அந்த நாட்டுக் கொடியில், அதாவது பதிவில், ஓடும் கப்பல்களின் டன்னேஜை, அதாவது கொள்ளளவைப் பொறுத்தது. அதனால் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் எல்லாம் சந்தாப் பட்டியலில் மேலே நிற்கின்றன. மார்ஷல் தீவுகளின் கப்பல் பதிவை நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் ஒரு தனியார் நிறுவனம். நாட்டின் குரல் எது, முதலாளியின் குரல் எது என்று அங்கே பிரித்துப் பார்ப்பது சிரமம்.

மரவள்ளி_மகள்:

ஐயா, ஒரு விஷயம் சேர்க்கலாமா? நான் ஆத்தூர்ப் பக்கம், சென்னையில் கடல்சார் படிப்பு படிக்கிறேன். ஐ.எம்.ஓ.வில் முதலாளிகளுக்கு ஓட்டு இல்லை என்பது சரி. ஆனால் கடலோடிகளின் சம்பளம், ஓய்வு நேரம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஐ.எல்.ஓ. பக்கம், அதாவது ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. அங்கே அரசு, முதலாளி, தொழிலாளி என்று மூன்று தரப்பும் உட்காருகிறார்கள். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2006-ல் வந்து, 2013 ஆகஸ்டில் அமலானது, இந்தியா 2015-ல் ஏற்றது. அதைத் திருத்தும் முத்தரப்புக் குழுவில் முதலாளிகள் தரப்புக்கு ஓட்டே உண்டு. தொழிலாளர் தரப்புக்கும் உண்டு.

சரக்கு அனுப்புகிறவருக்குத்தான் இரண்டு இடத்திலும் ஓட்டு இல்லை. லீபஜார் அண்ணா கேட்டதற்கு என் பதில் அதுதான்.

லீபஜார்_ஸ்டார்ச்:

பாப்பா சொன்னது தெளிவாக இருக்கிறது. அப்படியானால் சரக்குக்காரன் யாரிடம் போவது? வாணிப அமைச்சகமா, கப்பல் அமைச்சகமா?

தணிக்கை_தறி:

இரண்டு பேரிடமும் போகலாம், இரண்டு பேரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். விளையாட்டுக்குச் சொன்னேன்.

நான் ஆடிட்டர், வரிப் பக்கத்தைச் சொல்கிறேன். இந்தச் சங்கங்கள் சாதித்தவற்றில் நம் நாட்டில் பெரியது டன்னேஜ் வரி. முன்பெல்லாம் இந்தியக் கப்பல் கம்பெனி மற்ற கம்பெனிகள் மாதிரியே லாபத்துக்கு வருமான வரி கட்டியது. வெளிநாட்டுப் போட்டியாளர்கள் கப்பலின் கொள்ளளவை வைத்து ஒரு சிறிய தொகை கட்டிவிட்டுப் போனார்கள். இன்சா இதைச் சொல்லிச் சொல்லியே பல வருடம் மனு போட்டது. 2002-ல் ராகேஷ் மோகன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது, 2004 பட்ஜெட்டில் வந்தது.

சும்மா வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டன்னேஜ் வரிக்குள் வரும் கம்பெனி தன் புத்தக லாபத்தில் 20 சதவீதத்தைத் தனி நிதியில் போட்டு, எட்டு வருடத்துக்குள் கப்பல் வாங்கச் செலவழிக்க வேண்டும். பயிற்சி அதிகாரிகளையும் கப்பலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மரவள்ளி_மகள் மாதிரிப் பிள்ளைகளுக்குக் கப்பலில் இடம் கிடைக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. அரசு சலுகை கொடுத்தது, பதிலுக்கு வேலையும் வாங்கியது. எனக்கு இது பரவாயில்லாத பேரமாகவே படுகிறது. 2025 நிதிச் சட்டத்தில் இதை உள்நாட்டு நீர்வழிக் கப்பல்களுக்கும் நீட்டித்தார்கள்.

கிரேக்கத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமில்லை. அங்கே கப்பல் முதலாளிகளுக்கும் சலுகை தரும் 1953-ஆம் வருட வெளிநாட்டு மூலதனச் சட்டத்துக்கு அரசியலமைப்பின் 107-வது பிரிவே பாதுகாப்புக் கொடுக்கிறது. சாதாரண நிதியமைச்சர் கை வைக்க முடியாது. அவர்கள் சங்கம் 1916-ல் தொடங்கியது.

ஐந்துரோடு_அரட்டை:

வரிச் சலுகை வாங்கி என்ன ஆயிற்று? 2025 செப்டம்பரில் பாவ்நகரில் பிரதமரே சொன்னார்: முன்பு நம் வெளிநாட்டு வணிகத்தில் 40 சதவீதம் இந்தியக் கப்பலில் போனது, இப்போது 5 சதவீதம்தான். வருடத்துக்கு 6 லட்சம் கோடி ரூபாய் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம் என்றும் சொன்னார். இருபது வருடம் சலுகை கொடுத்ததற்கு இதுவா பலன்?

தணிக்கை_தறி:

கப்பல்கள் கூடத்தான் செய்திருக்கின்றன. இன்று இந்தியக் கொடியில் 1.3 கோடி டன்னுக்கு மேல் இருக்கிறது. ஆனால் நாட்டின் வணிகம் அதைவிட வேகமாக வளர்ந்தது. அதோடு டன்னேஜ் வரி ஒரு பக்கத்தைத்தான் சரி செய்தது. இந்திய அதிகாரி வெளிநாட்டுக் கப்பலில் போனால், இந்தியாவுக்கு வெளியே இருந்த நாட்கள் கணக்கு சரியாக வந்தால் என்.ஆர்.ஐ., சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. இந்தியக் கரையை ஒட்டியே ஓடும் கப்பலில் வேலை பார்த்தால் வரி பிடிப்பார்கள். அப்புறம் ஏன் அவர் இந்தியக் கப்பலுக்கு வருவார்? வந்தாலும் அந்த வரியைச் சேர்த்துத்தான் சம்பளம் கேட்பார். இன்சா திரும்பத் திரும்பக் கேட்பவற்றில் இதுவும் ஒன்று. சங்கம் கேட்டதெல்லாம் நடந்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம்.

2021-ல் அரசுத் துறைச் சரக்கு டெண்டர்களில் இந்தியக் கப்பல்களுக்கு ஐந்து வருடத்தில் 1,624 கோடி ரூபாய் மானியம் என்றார்கள். 2025 செப்டம்பரில் கப்பல் கட்டுதலையும் சேர்த்து 69,725 கோடித் திட்டம் வந்தது. பார்ப்போம்.

எஞ்சின்ரூம்_ஓய்வு:

அரட்டை “கார்ட்டெல்” என்று சொன்னதற்குத் திரும்ப வருகிறேன். அது முழுக்கப் பொய்யல்ல. ஆனால் அவர் இரண்டு வேறு விஷயங்களைக் கலக்கிறார்.

சங்கம் என்பது கொள்கைக்காகப் பேசுவது. கட்டணம் நிர்ணயிக்க ஒன்று கூடியவற்றுக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். முதல் லைனர் கான்ஃபரன்ஸ் 1875-ல் கல்கத்தா வணிகத்துக்காகத்தான் உருவானது. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் தள்ளிவைத்த தள்ளுபடி. ஆறு மாதம் எங்கள் கப்பலில் மட்டுமே சரக்கு ஏற்று, அதற்கப்புறம்தான் தள்ளுபடிப் பணம் கைக்கு வரும். நடுவில் ஒருமுறை வேறு கப்பலில் ஏற்றினால் அத்தனையும் போச்சு. புதிதாக ஒரு கப்பல் கம்பெனி தலையெடுக்கவே முடியாது.

வ.உ.சி. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கித் தூத்துக்குடி-கொழும்பு கப்பல் விட்டபோது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி டிக்கெட் விலையை அடிமட்டத்துக்குக் குறைத்தது நமக்கெல்லாம் பள்ளிப் பாடம். ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பாடப் புத்தகம் சொல்லவில்லை. 1919-ல் வால்சந்த் ஹிராசந்தின் சிந்தியா கம்பெனி வந்தது. அவர்கள் கப்பல் லாயல்டி அந்த வருடம் ஏப்ரல் 5-ல் பம்பாயிலிருந்து லண்டன் கிளம்பிய நாள்தான் இன்று தேசியக் கடல்சார் தினம். கட்டணப் போரில் தாக்குப்பிடிக்க முடியாமல் 1923-ல் ஆங்கிலக் கம்பெனியோடு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். 1928-ல் சாராபாய் நேம்சந்த் ஹாஜி மத்திய சட்டசபையில் கடலோர வணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. இந்திய முதலாளிகள் சங்கமாகச் சேர்ந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். வெள்ளைக்காரன் சட்டம் எழுதும் இடத்தில் நமக்கும் ஒரு குரல் வேண்டும் என்று தொடங்கியது அது. இன்று லீபஜார் கேட்கிற கேள்வியைத்தான் அன்று அவர்கள் கேட்டார்கள்.

லீபஜார்_ஸ்டார்ச்:

நல்ல வரலாறு ஐயா. ஆனால் இப்போது கான்ஃபரன்ஸ் இல்லை அல்லவா? அப்புறம் ஏன் எல்லா லைனும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரிக் கட்டணம் ஏற்றுகிறது?

தணிக்கை_தறி:

ஐரோப்பா 2008 அக்டோபரோடு கான்ஃபரன்ஸுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து இருந்த விலக்கை எடுத்துவிட்டது. ஆனால் கப்பலில் இடம் பகிர்ந்துகொள்ளும் கூட்டணிகளுக்குத் தனி விலக்கு இருந்தது. அதை நீட்டிக்கச் சொல்லி வேர்ல்ட் ஷிப்பிங் கவுன்சில் வாதாடியது. சரக்குக்காரர்களும் ஃபார்வர்டர்களும் எதிர்த்தார்கள். 2024 ஏப்ரல் 25-ஆம் தேதி அது காலாவதியானது, ஐரோப்பிய ஆணையம் நீட்டிக்கவில்லை. நாம் கவனிக்க வேண்டியது இந்தச் சம்பவம். எதிர்த்தரப்பு கணக்கு வழக்கோடு வந்து நின்ற இடத்தில் முதலாளிகள் சங்கம் தோற்றது.

இந்தியாவிலும் இதே மாதிரி விலக்கு இருந்தது. இடம் பகிரும் ஒப்பந்தங்களுக்குப் போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவிலிருந்து 2013-ல் விலக்குக் கொடுத்தார்கள், பிறகு நீட்டித்தார்கள், 2018-ல் மூன்று வருடத்துக்கு மறுபடியும் கொடுத்தார்கள். அப்போது சேலத்திலிருந்து யாராவது ஒரு கடிதம் எழுதினோமா?

மரவள்ளி_மகள்:

2021-ல் கன்டெய்னர் கட்டணத்தைக் கணக்கிடும் ட்ரூரி குறியீட்டில் 40 அடிப் பெட்டிக்கான கட்டணம் 10,000 டாலரைத் தாண்டியது, அண்ணா. அதுவரை இந்த விஷயங்களில் யாருக்கும் அக்கறை இல்லை என்று எங்கள் வகுப்பில் ஆசிரியர் சொன்னார்.

ஷேவராய்_காபி:

ஏற்காட்டிலிருந்து. காபியும் கொஞ்சம் மிளகும். நான் நேரடியாக ஏற்றுமதி செய்வதில்லை, வியாபாரிக்குக் கொடுத்துவிடுவேன். ஆனாலும் கப்பல் கட்டணம் ஏறினால் என் விலையில்தான் கை வைக்கிறார்கள். லீபஜார் சொன்ன போர் அபாயக் கட்டணம் எனக்குப் புரியவில்லை. நம் கடற்கரையில் என்ன போர்?

எஞ்சின்ரூம்_ஓய்வு:

இந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். சங்கங்களின் பலம் எப்படிப்பட்டது என்று எனக்கு உறைத்த இடம் இது.

சோமாலியக் கடற்கொள்ளை உச்சத்தில் இருந்தபோது பிம்கோ, ஐ.சி.எஸ்., இன்டர்டேங்கோ போன்ற அமைப்புகள் சேர்ந்து கப்பல்களுக்கு ஒரு கையேடு போட்டார்கள். கப்பலைச் சுற்றி முள்கம்பி எப்படிக் கட்டுவது, எவ்வளவு வேகத்தில் ஓடுவது, யாருக்குத் தகவல் சொல்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். நல்ல புத்தகம், நாங்கள் அதை வைத்துத்தான் ஓடினோம். அதில் “அதிக அபாயப் பகுதி” என்று ஒரு வரைபடம். 2010-ல் அதன் கிழக்கு எல்லையை 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை வரை இழுத்தார்கள்.

78 எங்கே இருக்கிறது தெரியுமா? சேலமும் ஏற்காடும் 78-ஐக் கொஞ்சம் தாண்டித்தான். அந்தக் கோட்டைத் தெற்கே இழுத்தால் தூத்துக்குடிக்குத் தென்மேற்கே கடலில் இறங்கும். அதாவது கன்னியாகுமரி, கொல்லம், கொச்சி, மங்களூர், மும்பை, காண்ட்லா எல்லாவற்றுக்கும் எதிரே உள்ள கடல் கொள்ளையர் பகுதிக்குள் வந்துவிட்டது. எந்த நாட்டுச் சட்டமன்றமும் இதைப் போடவில்லை, ஐ.எம்.ஓ.வும் போடவில்லை. முதலாளிகள் சங்கங்களின் கையேட்டுக் கோடு. ஆனால் கப்பல்கள் அதைப் பார்த்து நடந்தன. நம் மேற்குக் கரைக்கு வரும் கப்பலுக்குக் கூடுதல் பிரீமியம், ஆயுதக் காவலருக்குத் தனிச் செலவு. அந்தச் செலவெல்லாம் கடைசியில் சரக்கின் தலையில்தான் விழும். காவலர்கள் வந்ததால் என்ன ஆயிற்று என்பதற்கு 2012-ல் கேரளக் கரைக்கு வெளியே என்ரிக்கா லெக்ஸி கப்பலிலிருந்து சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்ததே சாட்சி. அவர்கள் இத்தாலியக் கடற்படை ஆட்கள், தனியார் காவலர்கள் இல்லை. ஆனால் கப்பலில் அவர்கள் இருந்ததற்குக் காரணம் அதே பயம்தான்.

இந்திய அரசு வருடக்கணக்காகக் கேட்டு, 2015 டிசம்பரில்தான் எல்லையை 65 டிகிரிக்குத் தள்ளினார்கள். 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதே வருடம் நவம்பரில் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலை யேமனின் ஹூதி படையினர் பிடித்தார்கள். கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. உங்கள் பில்லில் இருக்கும் போர் அபாயம் அநேகமாக அதிலிருந்து வந்தது.

ஷேவராய்_காபி:

நான் குடியிருக்கும் தீர்க்கரேகையை ஒருவன் லண்டனில் உட்கார்ந்து கொள்ளையர் எல்லை என்று எழுதியிருக்கிறான், ஐந்து வருடம் எனக்குத் தெரியாது! அதைவிட அரசாங்கமே கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

ஐந்துரோடு_அரட்டை:

அதைத்தான் நான் முதல் வரியிலேயே சொன்னேன்.

எஞ்சின்ரூம்_ஓய்வு:

இல்லை அரட்டை, மறுபக்கமும் கேள். 2020-ல் கொரோனா வந்தபோது எந்தத் துறைமுகமும் கடலோடிகளை இறங்க விடவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் கிட்டத்தட்ட நான்கு லட்சம் பேர் கப்பலிலேயே கிடந்தார்கள். என் பழைய சகாக்கள் சிலரும் அதில் உண்டு, ஒருவர் தகப்பனார் இறந்தபோதும் இறங்க முடியவில்லை. அப்போது ஆட்களை மாற்றுவதற்கான நடைமுறையை எழுதிக் கொண்டுவந்தவர்கள் ஐ.சி.எஸ்.ஸும் தொழிலாளர் கூட்டமைப்பான ஐ.டி.எஃப்.பும் சேர்ந்துதான். மே மாதமே ஐ.எம்.ஓ. அதை எல்லா நாடுகளுக்கும் அனுப்பியது. நாடுகள் உடனே கேட்கவில்லை என்பது வேறு. ஆனால் காகிதம் தயாராக இருந்தது. எந்த அரசாங்கமும் அந்த வேகத்தில் எழுதியிருக்காது.

கந்தகம் குறைந்த எரிபொருள் விவகாரம் இன்னும் வேடிக்கை. 2020-ல் வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5-க்குக் குறைப்பதா, 2025 வரை தள்ளுவதா என்று கேள்வி. அவ்வளவு எண்ணெய் கிடைக்காது என்று பிம்கோ ஓர் ஆய்வைக் கொடுத்தது. கிடைக்கும் என்று ஐ.எம்.ஓ.வின் ஆய்வு சொன்னது. 2016 அக்டோபரில் 2020 என்றே முடிவாகிவிட்டது. அப்புறம் இதே சங்கங்கள் என்ன செய்தன தெரியுமா? கட்டுப்பாட்டை மீறிய எரிபொருளைத் தொட்டியில் வைத்திருப்பதற்கே தடை வேண்டும் என்று ஆதரித்தன. ஒருவன் மட்டும் மலிவு எண்ணெய் போட்டு ஓடி, மற்றவன் விலை கொடுத்து ஓட முடியாதே. விதி வந்தே தீரும் என்றானபின் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் முதலாளிகள்தான்.

மரவள்ளி_மகள்:

கார்பன் விஷயத்தில் அவர்களுக்குள்ளேயே பிளவு இருக்கிறது, ஐயா. 2019 டிசம்பரில் ஐ.சி.எஸ். மற்ற சங்கங்களோடு சேர்ந்து ஒரு டன் எரிபொருளுக்கு 2 டாலர் தாங்களே கட்டி 500 கோடி டாலர் ஆராய்ச்சி நிதி திரட்டலாம் என்றது. அது நடக்கவில்லை. 2025 ஏப்ரலில் ஐ.எம்.ஓ.வில் கப்பல்களின் கார்பன் புகையைக் கட்டுப்படுத்தும் நிகர பூஜ்ஜியச் சட்டக வரைவுக்கு ஒப்புதல் கிடைத்தது, ஐ.சி.எஸ். ஆதரித்தது. கிரேக்க முதலாளிகள் சங்கத்துக்கு ஆட்சேபம். அக்டோபரில் இறுதி முடிவுக்கு வந்தபோது அமெரிக்காவின் எதிர்ப்பில் ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டார்கள். கிரேக்கமும் சைப்ரஸும் மற்ற ஐரோப்பிய நாடுகளோடு சேராமல் அந்த ஓட்டெடுப்பில் ஒதுங்கி நின்றன. கப்பல் முதலாளிகள் ஒரே குரல் என்று நினைத்தால் இந்த இடத்தில் கணக்கு இடிக்கும்.

லீபஜார் அண்ணாவின் பில்லில் இருக்கும் ஐரோப்பியக் கார்பன் கட்டணம் இதில்லை. அது ஐரோப்பா 2024 ஜனவரியிலிருந்து தனியாகப் போட்டது. 2024-ன் புகையில் 40 சதவீதத்துக்கு, 2025-ல் 70, 2026 முதல் முழுவதுக்கும். லைன்கள் அதை அப்படியே சரக்குக்கு மாற்றிவிடுகின்றன.

மட்டுறுத்துநர்:

கட்சி அரசியல் கலந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தலைப்பிலேயே தொடருங்கள்.

லீபஜார்_ஸ்டார்ச்:

வெளிநாட்டு விஷயம் இப்போது ஓரளவு பிடிபடுகிறது. என் உண்மையான வயிற்றெரிச்சல் உள்நாட்டில். சேலத்து ஜவ்வரிசி அதிகம் போவது மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், வங்காளம். நவராத்திரி விரதத்துக்கு அவர்களுக்குக் கிச்சடி வேண்டும். எல்லாம் லாரி, கொஞ்சம் ரயில். குஜராத்தின் மோர்பியிலிருந்து டைல்ஸ் கன்டெய்னரில் கடல் வழியாகத் தெற்கே வருகிறது. அந்தப் பெட்டிகள் திரும்பிப் போகும்போது ஜவ்வரிசி ஏற்றினால் என்ன என்று கேட்டேன். எனக்கு வந்த பதில்: கப்பல் அடிக்கடி இல்லை, கட்டணம் லாரிக்குச் சமமாக வருகிறது, நாள் கூடுகிறது. கொழும்புக்குப் போகும் வெளிநாட்டுக் கப்பல் கரையை ஒட்டித்தானே ஓடுகிறது, அதில் ஏற்றலாமா என்றால் கூடாதாம். சட்டமாம். இதுவும் முதலாளிகள் சங்கம் வேலைதானே?

தணிக்கை_தறி:

ஆமாம், பாதி. 1958-ஆம் வருட வணிகக் கப்பல் சட்டத்தின் 407-வது பிரிவில் வந்த விதி. இந்தியத் துறைமுகத்திலிருந்து இந்தியத் துறைமுகத்துக்குச் சரக்கு எடுக்க வெளிநாட்டுக் கப்பலுக்கு மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கின் உரிமம் வேண்டும். அதற்கு முன் இந்திய முதலாளிகளிடம் “உங்களிடம் தகுந்த கப்பல் இருக்கிறதா” என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி இன்சா வழியாக உறுப்பினர்களுக்குப் போகும். ஹாஜி மசோதாவில் கேட்டது சுதந்திரத்துக்குப் பின் நடைமுறையாகிவிட்டது.

2018 மே மாதத்தில் இதைத் தளர்த்தினார்கள். ஏற்றுமதி-இறக்குமதிக் கன்டெய்னரைப் பெரிய கப்பலுக்கு மாற்ற எடுத்துப்போவதற்கும், காலிப் பெட்டிகளுக்கும் உரிமம் வேண்டாம் என்றார்கள். கொழும்பில் கைமாறும் நம் சரக்கை கொச்சியின் வல்லார்பாடம் போன்ற இடங்களுக்கு இழுப்பது நோக்கம். இன்சா கடுமையாக எதிர்த்தது. அதே சமயம் விவசாய, மீன், கால்நடைப் பொருட்களுக்கும் ஒரு தளர்வு வந்தது. கப்பலில் உள்ள சரக்கில் பாதியாவது அவையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை.

எஞ்சின்ரூம்_ஓய்வு:

எதிர்த்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியக் கொடிக் கப்பல் இங்கே எண்ணெய்க்கு வரி கட்டுகிறது, இந்தியக் கடலோடிகளை வைத்துக்கொள்கிறது, பயிற்சி கொடுக்கிறது. சும்மா அந்த வழியே போகிறவன் மிச்ச இடத்தில் ஏற்றிக்கொண்டு போனால் இவன் கடையைச் சாத்த வேண்டியதுதான். அமெரிக்கா உள்நாட்டுக் கடல் சரக்கைத் தன் கப்பல்களுக்கே ஒதுக்கும் ஜோன்ஸ் சட்டம் வைத்து 1920-லிருந்து இன்றுவரை விடவில்லை.

லீபஜார்_ஸ்டார்ச்:

நியாயம் இருக்கட்டும் ஐயா. கப்பலைக் காட்டட்டும். இல்லாத கப்பலுக்கு இடம் ஒதுக்கி வைத்தால் என் மூட்டை என்ன செய்யும்? ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்கிற சங்கம், வாரம் ஒரு கப்பல் தூத்துக்குடியிலிருந்து குஜராத்தின் முந்த்ராவுக்கு உறுதியாக விடுகிறோம் என்று எழுதிக் கொடுக்குமா? டன்னேஜ் வரிக்குப் பதிலாக இருபது சதவீத நிதி, பயிற்சி என்று அரசு கேட்டது என்று தணிக்கை சொன்னாரே, கடலோர ஒதுக்கீட்டுக்குப் பதிலாகவும் அப்படி ஒன்று கேட்கலாமே. அதைக் கேட்கச் சொல்ல அந்த அறையில் சரக்குக்காரன் ஒருவன் இருந்திருக்க வேண்டும்.

மரவள்ளி_மகள்:

அண்ணா, இப்போது கேட்கலாம். 2025-ல் நாடாளுமன்றம் கப்பல் சட்டங்களை மொத்தமாக மாற்றியிருக்கிறது. புதிய வணிகக் கப்பல் சட்டம், தனியாகக் கடலோரக் கப்பல் சட்டம், 1856-ஆம் வருடப் பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) சட்டத்துக்குப் பதிலாக ஒன்று, 1925-ஆம் வருடக் கடல் வழிச் சரக்குச் சட்டத்துக்குப் பதிலாக ஒன்று. கடலோரச் சட்டத்தில் இந்தியக் கப்பலுக்கு உரிமம் வேண்டாம், வெளிநாட்டுக் கப்பலுக்கு வேண்டும். அதோடு கடலோர, உள்நாட்டுக் கப்பல் போக்குவரத்துக்குத் தேசிய அளவில் திட்டம் ஒன்று தயாரிக்க வேண்டும் என்கிறது. சட்டத்தில் இல்லாத நுணுக்கமெல்லாம் விதிகளில்தான் வரும். அமைச்சகமோ டி.ஜி. ஷிப்பிங்கோ வரைவு விதிகளை இணையத்தில் போட்டுக் கருத்துக் கேட்கும்போது யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். முதலாளிகள் சங்கம் கண்டிப்பாக அனுப்பும்.

ஐந்துரோடு_அரட்டை:

அனுப்பினால் படிப்பார்களா?

எஞ்சின்ரூம்_ஓய்வு:

“ஐயா எங்களைக் காப்பாற்றுங்கள்” என்று எழுதினால் படிக்க மாட்டார்கள். இன்சா எழுதுவதைப் பாருங்கள். எந்தப் பிரிவு, இப்போது என்ன வாசகம், என்ன வாசகமாக மாற்ற வேண்டும், மாற்றினால் அரசுக்கு எவ்வளவு இழப்பு, எவ்வளவு வரவு. அப்படி இரண்டு பக்கம் போதும். மாதத்துக்கு எத்தனை டன் எந்த ஊருக்குப் போகிறது, லாரி வாடகை எவ்வளவு, கடல் வழி எவ்வளவு கேட்கிறார்கள் என்று ஆலைக்காரர்களிடம் கணக்கு வாங்குங்கள். அந்தக் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது, மும்பையில் யாரிடமும் இல்லை. அம்மிணி வாசகம் பார்த்துக்கொடுக்கும்.

மரவள்ளி_மகள்:

பார்க்கிறேன் ஐயா. பரீட்சை முடியட்டும். எங்கள் வீட்டுக் கிழங்கும் ஆலைக்குத்தான் போகிறது, எனக்கும் இதில் பங்கு உண்டு.

தணிக்கை_தறி:

ஒரு சிக்கல் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜவ்வரிசி விவசாயப் பொருளா, ஆலைப் பொருளா? விவசாயப் பொருட்களுக்கு என்று விதியில் சலுகை வந்தால், இது பதப்படுத்தியது, இதற்குப் பொருந்தாது என்று ஒருவர் கிளப்புவார். கோரிக்கையில் “மரவள்ளியிலிருந்து செய்த ஜவ்வரிசி, ஸ்டார்ச்” என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

லீபஜார்_ஸ்டார்ச்:

சரி. நான்கைந்து ஆலைக்காரர்களிடம் பேசிவிட்டு டன் கணக்கோடு இங்கேயே போடுகிறேன். லாரி வாடகைக் கணக்கு உடனே தருவார்கள், மற்றதற்குத்தான் யோசிப்பார்கள்.

ஷேவராய்_காபி:

காபிக்கொட்டை, மிளகு இரண்டையும் அந்தப் பெயர்ப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். எங்கள் மலைக் கணக்கை நான் எடுத்துத் தருகிறேன். ஆனால் சிறிய தோட்டக்காரர்கள் பாதிப்பேர் எடை எழுதி வைப்பதே இல்லை, அதற்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.